பெரிய பாதி

பங்கு போடுவதில் எங்களைப் போலக் கறாரான ஆட்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சயாம் காட்டில் ஜப்பான்காரனின் கைதிகளாக ரயில் பாதைக்கு மண் சுமந்த நாட்களில், ஒரு தகர டப்பா சோற்றை இரண்டாகப் பிரிக்க நானும் ஹோரஸ் பீச்சியும் எடுத்துக்கொண்ட நேரத்தில், எங்கள் ஊர்ப் பாதிரியார் ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்திருப்பார்.

முகாமில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கூட்டாளி உண்டு. எந்த அதிகாரியும் போட்ட சட்டம் இல்லை, தானாக அமைந்த வழக்கம். வேலைக்குப் போகிறவனுக்கு முழு அளவு சோறு, படுத்துக் கிடக்கிறவனுக்கு அரை அளவு என்பது ஜப்பான்காரன் கணக்கு. படுத்தவுடன் வயிறும் பாதியாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அதனால் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்வோம். இரண்டு பேர் சோறும் ஒரே டப்பாவில் விழும், நடுவில் கோடு கிழித்துப் பிரித்துக்கொள்வோம். இன்று நீ படுத்தால் என் சோறு உனக்கும் ஆகும், நாளை நான் படுத்தால் உன்னுடையது எனக்கும் ஆகும். கூட்டாளி இல்லாதவன் காய்ச்சலில் விழுந்தால் எழுந்து வருவது அபூர்வம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஹோரஸ் இங்கிலாந்தில் ஈலி என்ற ஊர்ப் பக்கம் ரொட்டி வண்டி ஓட்டியவன். எங்கள் வீட்டு வாசலுக்கே அவன் குதிரை வந்து நின்றிருக்கிறது. நான் அதே பக்கத்தில், சதுப்பு வடிய நேர் நேராக வாய்க்கால் வெட்டிய பூமியில், பீட்ரூட் வயலில் கூலி வேலை பார்த்தவன். பட்டாளத்தில் சேருவதற்கு முன்பு அவனோடு நான் பேசிய பேச்சு மொத்தமும் "ரெண்டு ரொட்டி" என்பதுதான். சிங்கப்பூரில் பிடிபட்டு, ஆடு மாடு ஏற்றும் வண்டியில் சயாமுக்கு வந்த வழியில்தான் கூட்டாளிகள் ஆனோம். பங்கு போடும் சட்டத்தை முதல் நாளே அவன் எனக்குச் சொல்லிவிட்டான்.

"ஒருத்தன் பிரிக்கணும், இன்னொருத்தன் எடுக்கணும். எடுக்கிறவன் பெருசைத்தான் எடுக்கணும். மரியாதை கிரியாதைன்னு சின்னதை எடுத்தே, மண்டைய ஒடைச்சிருவேன் வில்ஃப்."

"ஏன்டா, ஒரு நாள் உனக்கு விட்டுக்குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

"இன்னிக்கு நீ விட்டுக்குடுப்ப. நாளைக்கு நான் விட்டுக்குடுக்கணும். அடுத்த வாரம் யாரு எத்தனை தடவை விட்டுக்குடுத்தோம்னு மனசுல ஓட ஆரம்பிக்கும். அப்புறம் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க முடியாது. எங்கப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் கோர்ட்டுக்குப் போனாங்க."

அவன் சொன்னது எங்களுக்குச் சுலபமான காரியம் இல்லை. எங்கள் ஊரில் கடைசித் துண்டு கேக்கை யாரும் தொடமாட்டோம். நீங்க எடுங்க, நீங்க எடுங்க என்று சொல்லிச் சொல்லியே அது தட்டில் காய்ந்துபோகும், பிறகு கோழிக்குப் போடுவோம். அந்தப் புத்தியோடு வளர்ந்தவர்கள் முகாமுக்கு வந்தும் அதையே செய்தார்கள். நல்லவன் என்று பெயரெடுத்தவன் சிறியதை எடுத்துக்கொண்டே வருவான். திடீரென்று ஒரு நாள் அவன் இருக்கமாட்டான். ஹோரஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ஒருவன் சிறிய பாதியைத் தொட்டால் அவன் மனத்தில் தன் உயிரைக் கை கழுவிவிட்டான் என்று அர்த்தம் என்பான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கூட்டாளி செத்துப்போனால் அவன் பங்கு மற்றவனுக்கு. அது திருட்டும் இல்லை, பிச்சையும் இல்லை. உயிலில் எழுதிவைத்த சொத்து மாதிரி.

மழைக்காலம் பிடித்தது. காவலர்களுக்கு மேலேயிருந்து நெருக்கடி. "ஸ்பீடோ, ஸ்பீடோ" என்று, வேகம் வேகம் என்ற அர்த்தத்தில், கத்திக்கொண்டே மூங்கில் கழியால் முதுகில் போடுவார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புவோம். ஹோரஸுக்குச் சீதபேதி வந்தது. முதலில் அதையும் கேலி செய்தான். வண்டிக் குதிரைகூட இவ்வளவு போடாது என்றான். பிறகு கேலி குறைந்தது.

ஒரு மாலை நான் சோற்றை டப்பாவில் அழுத்தி, கரண்டிக் காம்பால் கோடு கிழித்து, அவன் பக்கம் நீட்டினேன். அன்று களைப்பில் கோடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பார்த்தாலே தெரியும் எது பெரியது என்று. ஹோரஸ் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிறிய பக்கத்தில் கரண்டியை வைத்தான்.

"டேய், கண்ணு தெரியலையா?"

"தெரியுதுடா. போதும் எனக்கு."

"நீ போட்ட சட்டம்டா இது."

"போட்டவனே மாத்திக்கிட்டேன்னு வச்சுக்க."

நான் கத்தினேன். கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். டப்பாவை அவன் மடியில் தூக்கி வைத்தேன். அவன் சிரித்தானே தவிர பெரிய பக்கத்தைத் தொடவில்லை. அந்த வாரமே நோயாளிக் கொட்டகையில் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவன் பங்கைப் பிரித்துவைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தேன். திரும்பிவந்தபோது சோறு இருந்தது, அவன் இல்லை.

அந்தச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை. சட்டம் தெரியும். பசியும் இருந்தது. ஆனாலும் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலையில் டப்பா வழித்து நக்கியது போல் இருந்தது. எதிர்ப்பக்கம் படுக்கிற ஸ்டான் ஹேகெட் வாயைத் துடைத்துக்கொண்டான். இந்த ஹேகெட் லண்டன் மீன் மார்க்கெட் ஆள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"சும்மா கிடந்துச்சு. எறும்பு தின்னா சரி, நான் தின்னா தப்பா?" என்றான்.

நான் அவன் மூக்கில் குத்தினேன். நாலு பேர் பிடித்து விலக்கினார்கள். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் மேல தப்பில்ல. அது உன் சோறு தம்பி, நீ சாப்பிட்டிருக்கணும். கூட்டாளி பங்கை விட்டுட்டா செத்தவனைக் கேவலப்படுத்துற மாதிரி."

சொன்னவன் எர்னி தர்ட்டில். நாற்பதை ஒட்டிய வயது, எங்களுக்கெல்லாம் கிழவன் கணக்கு. எங்கள் பக்கத்து மாவட்டமான நார்ஃபோக்கில் மாட்டுப் பண்ணையில் இருந்தவன். முகாமில் அவனுக்குக் குழிவெட்டி என்று பெயர். அவன் யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும் அந்த ஆள் செத்துப்போவான். ஒருவர் இருவர் இல்லை. அதனால் அவன் நிழல் மேலே பட்டால்கூட ஆட்கள் நகர்ந்து உட்காருவார்கள். படித்த அதிகாரிகளும்தான்.

"உன்கிட்ட யாரும் யோசனை கேக்கல. தள்ளிப்போயா," என்றேன்.

அவன் தள்ளிப்போனான்.

அதற்குப் பிறகுதான் தனிமை என்றால் என்ன என்று தெரிந்தது. மூங்கில் மேடையில் நாங்கள் வரிசையாக ஒட்டிப் படுப்போம். ஹோரஸ் படுத்த இடம் சில நாள் காலியாக இருந்தது. பிறகு இந்தப் பக்கம் ஒருவன் கொஞ்சம் நகர, அந்தப் பக்கம் ஒருவன் கொஞ்சம் நகர, இடமே காணாமல் போய்விட்டது. அங்கே ஒரு ஆள் படுத்திருந்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் ஒருவன்தான் அந்தப் பக்கம் முகம் வைக்காமல் படுத்தேன்.

மண் சுமப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். அரிசிச் சாக்கைக் கிழித்து இரண்டு மூங்கிலில் கட்டியிருப்போம், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். தினமும் யார் ஆளில்லாமல் நிற்கிறானோ அவனோடு என்னைச் சேர்த்துவிடுவார்கள். எப்போதும் எனக்குப் பின்பக்கம்தான். நாள் முழுக்க ஒரு புது முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். மாலையில் அந்த முதுகு தன் கூட்டாளியைத் தேடிப் போய்விடும்.

கேட்காமலும் இருக்கவில்லை. எங்கள் பட்டாளத்து ஆட்கள் இருவரிடம் போய், மூன்று பேராக இருக்கலாமே என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பேருக்குப் பங்கு சரியா வராது வில்ஃப். ஒருத்தன் பிரிச்சா ஒருத்தன் எடுக்கலாம். மூணாவது ஆளு என்ன பண்ணுவான்?"

"கடைசியா மிச்சத்தை எடுத்துக்கறேன்டா."

"அப்படிச் சொல்றவன்தான் மொதல்ல சண்டை போடுவான். அதுவும் நீ ஏற்கனவே மூக்குல குத்துற ஆளு."

தனியாகச் சாப்பிடத் தொடங்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், பழக்கதோஷத்தில் நடுவில் கோடு கிழிப்பேன். கிழித்த பிறகு எடுக்க ஆள் இல்லை என்று ஞாபகம் வரும். பிரித்தவனே எடுத்தால் அது பங்கு இல்லை, வெறும் தீனி. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வந்த அழுகை, ஹோரஸைப் புதைத்தபோதுகூட வரவில்லை.

எனக்குச் சாவதில் அவ்வளவு பயம் இருந்ததாகச் சொல்லமுடியாது. சுற்றிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. நோயாளிக் கொட்டகையில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் காலையில்தான் தெரிகிற மாதிரி போய்விடுவேனோ என்பதுதான் பயம். எப்படியாவது ஒரு கூட்டாளி கிடைத்துவிட வேண்டும் என்பதே என் ஒரே பிரார்த்தனை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதை அப்போதே விட்டுவிட்டேன்.

கூட்டாளி கிடைக்கவில்லை. காய்ச்சல்தான் கிடைத்தது. அதோடு முழங்காலுக்குக் கீழே மூங்கில் கீறிய இடம் புண்ணாகி, எலும்பு தெரியும் அளவுக்குத் தின்றுவிட்டது. நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் எங்கள் ஆள்தான், பாவம், மருந்து என்று அவரிடம் உப்புத் தண்ணீரும் நல்ல வார்த்தையும்தான் இருந்தன. அரை அளவுச் சோறு வரும். அதையும் எழுந்து உட்கார்ந்து வாங்கினால்தான் உண்டு. ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தபோது சோறு கொடுப்பவர்கள் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். கூப்பிட எனக்குக் குரல் இல்லை.

மறுநாள் மாலை யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டப்பாவில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். ஹோரஸ் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். தர்ட்டில்.

வேலை செய்துவிட்டு வந்த அவனுடைய முழு அளவும் என்னுடைய அரை அளவும் ஒரே டப்பாவில் இருந்தன. நடுவில் கோடு.

"எடு தம்பி."

"தூரப்போ. உன்னோட எனக்குக் கூட்டு வேணாம்."

"சரி, வேணாம். சோத்தை எடு."

"நீ தொட்டவன் எல்லாம் செத்துப்போறான்யா."

அவன் கோபப்படவில்லை. கரண்டியைத் துடைத்து என் கையில் வைத்தான்.

"தொட்டதால சாகல. சாகப்போறான்னு தெரிஞ்சுதான் தொட்டேன்."

காய்ச்சல் மண்டைக்கு அது ஏற நேரம் பிடித்தது. அவன் மெதுவாகச் சொன்னான். பண்ணையில் ஒரு மாடு படுத்துவிட்டால் அதைத் தனியாக விடமாட்டார்களாம். பிழைக்காது என்று தெரிந்தாலும் ஒருவன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்திருப்பானாம். அவனுக்கு அதுதான் வேலை. இங்கே வந்து, கூட்டாளி இல்லாமல் படுத்தவர்களைப் பார்த்தான். மாட்டுக்குச் செய்ததை மனுஷனுக்குச் செய்யக்கூடாதா என்று தோன்றியதாம். யாருக்கு ஆள் இல்லையோ, யார் போகப்போகிறானோ, அவனோடு போய்க் கூட்டுச் சேர்ந்தான். ஆட்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

"சொல்லவேண்டியதுதானேயா?"

"என்னன்னு சொல்றது? நான் பக்கத்துல வந்து உக்காந்தா நீ செத்தேன்னு அர்த்தம்னா? அதுக்கு ராசியில்லாதவன்னே இருந்துட்டுப் போறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்போ என்கிட்ட ஏன் வந்த?"

அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல. சொல்லுய்யா."

"காலையில டாக்டர் உன் காலைப் பாத்தாரு. பாத்துட்டு அடுத்த ஆளுகிட்ட ரொம்ப வேகமாப் போனாரு. அவரு அப்படிப் போறத முன்னாடியும் பாத்திருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. இவன் யார் எனக்கு நாள் குறிக்க? மாடா நான்? எழுந்து அவன் கழுத்தைப் பிடிக்க முடிந்திருந்தால் பிடித்திருப்பேன். முடியவில்லை. செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். டப்பாவை இழுத்து, இரண்டு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பெரிய பாதியை எடுத்தேன். அவனை முறைத்துக்கொண்டே கடைசிப் பருக்கைவரை தின்றேன்.

"நல்லது," என்று மட்டும் சொன்னான்.

தினமும் வந்தான். நான் தினமும் பெரிய பாதியை எடுத்தேன். வீம்புக்குத்தான். அவனாகவே ஒரு பக்கத்தைப் பெரிதாகப் பிரிக்கிறான் என்று தெரிந்ததும் சண்டை போட்டேன்.

"இது பங்கு இல்ல, தானம். ஒழுங்காப் பிரி."

"சோறு போட்டா திட்டு வாங்கறது நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"கோட்டை நேராப் போடு. நார்ஃபோக்குக்காரனுக்கு நேர்கோடுன்னா என்னன்னே தெரியாதா?"

"தெரியும். உங்க ஊருக்காரன் கையில நேர்கோடு குடுத்தா வாய்க்கால் வெட்டிருவான், அதான் காட்டுறதில்ல."

அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புண்ணில் புழு வைத்தார்கள், அது அழுகலைத் தின்றது. காய்ச்சல் விட்டது. டாக்டர் ஒரு காலையில் என் பக்கத்தில் நின்று, அவசரமில்லாமல் பேசினார். மாலை தர்ட்டில் வந்ததும் இதைச் சொன்னேன். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி எனக்குப் பெருமை. அவன் தலையாட்டினான். சோற்றைப் பிரித்தான், நான் எடுத்தேன், சாப்பிட்டோம். பிறகு தன் கரண்டியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சரி தம்பி, நான் வரேன். நாளையிலருந்து உனக்கு முழு அளவு."

"அளவு கெடக்கட்டும். நாளைக்கு நான் பிரிக்கிறேன், நீ எடு. உன் முறை."

"இல்ல தம்பி. கடைசிக் கட்டில்ல ஒரு ஸ்காட்லாந்துப் பையன் கெடக்கான். ஆளு இல்ல."

"நம்ம கூட்டு?"

அவன் எழுந்து நின்றான். அவன் கால்கள் என் கால்களைவிட மெலிந்திருந்தன. என் அரை அளவுக்கு ஈடுகட்டியது யாருடைய சதை என்று அன்றுதான் பார்த்தேன்.

"உசுரோட இருக்கிறவனோட எனக்கு ஆகாது. மொதல்ல ஒருத்தன் இருந்தான், எங்க பண்ணையிலயே கூட வேலை செஞ்சவன். நல்லா இருந்தான். காலையில என்னோட பங்கு போட்டுச் சாப்பிட்டான், காலரா, சாயங்காலம் இல்ல. அதுலருந்து பொழைக்கிறவன் பக்கத்துல இருக்கவே பயமா இருக்கு. இவனுங்ககிட்ட அந்தப் பயம் இல்ல. போயிருவான்னு தெரியும்."

சொல்லிவிட்டுக் கடைசிக் கட்டிலுக்குப் போனான். நான் பிழைத்துவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக என் கூட்டாளி என்னை விட்டுப் போனான். இப்படி ஒரு நியாயம் எங்கேயாவது உண்டா?

மறுபடியும் மண், மறுபடியும் ஒரு புது முதுகு. தூரத்தில் அவனைப் பார்ப்பேன். ஸ்காட்லாந்துப் பையன் போனான், அதற்குப் பிறகு இன்னொருவன். கொட்டகையில் ஆட்கள் அவனைப் பற்றிப் பேசும்போது நான் வாயைத் திறக்கவில்லை. அவன் ரகசியம் அது. சொல்லியிருந்தால் படுத்துக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் அவன் போய் உட்காரக்கூட முடியாமல் போயிருக்கும்.

மழை ஓய்கிற சமயம், ஒரு மாலை சோற்று வரிசையில் ஹேகெட் எனக்கு முன்னால் நின்றான்.

"உன் குழிவெட்டி படுத்துட்டான், கேள்விப்பட்டியா? கால் வீங்கி தூணு மாதிரி ஆயிருச்சாம். இப்ப அவன்கிட்ட யாரு போய் உக்காருவா? அவன் குழிய அவனே வெட்டிக்கணும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. நான் என் முழு அளவை வாங்கிக்கொண்டு நேராக நோயாளிக் கொட்டகைக்கு நடந்தேன்.

"ஏய் வில்ஃப் டாக்கிங், உனக்குப் பைத்தியமா?" என்று ஹேகெட் பின்னாலிருந்து கூப்பிட்டான். "அவனோட சாப்பிட்டா அடுத்தது நீதான்டா."

தர்ட்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தான். அவன் பங்கு அரை அளவு, பக்கத்தில் தொடாமல் இருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் முகம் மாறியது. சாகப்போகிறான் என்ற அர்த்தத்தோடு எத்தனை பேர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன் அவன். இப்போது அவன் பக்கத்தில் ஒருவன் டப்பாவோடு வந்து உட்காருகிறான்.

"டாக்டர் வேகமாப் போனாரா தம்பி?" என்று கேட்டான். குரல் சின்னப்பிள்ளை குரல் மாதிரி இருந்தது. அவனுக்குப் பயம். எல்லாருக்கும் துணையிருந்தவனுக்குத் தன் முறை வந்தபோது பயமாக இருந்தது.

"நான் டாக்டரப் பாக்கவே இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

"எனக்குக் கூட்டாளி இல்லய்யா. அதான் வந்தேன்."

பொய் இல்லை. அவனுக்கும் அது பொய் இல்லை என்று தெரிந்தது. இரண்டு சோற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி அழுத்தினேன். கோடு போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் எதையும் செய்ததில்லை. பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, பழக்கத்தில், துளி குறைவாக இருந்த பாதிக்குக் கரண்டியைக் கொண்டுபோனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சட்டம் என்ன?"

"விடு தம்பி. மாசக்கணக்குல இதான எடுக்கறேன்."

"அவனுங்ககிட்ட எடுத்த. நான் சாகப்போறவன் இல்ல, என்கிட்ட இந்த வேலை செல்லாது. பெருசை எடு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"இல்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் கை என் பிடியில் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு கரண்டி மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்து பெரிய பாதியில் இறங்கியது. ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். அழுகிறானோ என்று நினைத்தேன். அழவில்லை, மென்றுகொண்டிருந்தான்.

"நல்லாத்தான்டா இருக்கு," என்றான்.

தினமும் போனேன். என் நிழல் மேலே படாமல் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள், உட்காரட்டும். தர்ட்டில் தினமும் பெரிய பாதியை எடுத்தான். இரண்டாவது நாளே என் கோட்டில் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். மாடுகளைப் பற்றிப் பேசினான். ஊருக்குப் போனால் தன் பண்ணைக்கு வரச்சொன்னான், பீட்ரூட் பிடுங்குகிறவனுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுப்பது கஷ்டம்தான் என்றாலும் முயற்சி செய்து பார்ப்பதாகச் சொன்னான். அதுவரை அவன் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. வீக்கம் மட்டும் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. டாக்டர் வரும் நேரத்தில் நான் வேலைக்குப் போயிருப்பேன். அவர் எந்த வேகத்தில் போகிறார் என்று நானும் விசாரிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கடைசி நாள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டேன். பிரித்து நீட்டினேன். பார்த்தான், பெரிய பக்கத்தைக் கரண்டியால் தொட்டுக் காட்டினான்.

"இதான் என்னோடது. வச்சிரு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன். நீ சாப்பிடு."

நான் என் பாதியைச் சாப்பிட்டேன். அவன் தலை என் தொடையில் இருந்தது. கடைசி வாய் சாப்பிட்டு முடித்தபோது அந்தத் தலையின் கனம் மாறியிருந்தது. "எர்னி," என்று கூப்பிட்டேன். அதுவரை நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை, சத்தமாக, அந்தக் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

டப்பாவில் கோட்டுக்கு அந்தப் பக்கம் சோறு அப்படியே இருந்தது. வாசலில் ஹேகெட் நின்றுகொண்டிருந்தான், எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். நான் எர்னியின் தலையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை. கரண்டியைத் துடைத்து, அவன் பங்கைச் சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பெரிய பாதி, முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.